எட்டால் வகுக்க மறந்த கல்யாணம்

அக்டோபர் 19, திங்கள்

இன்று ஒரு சிறிய பிழை செய்துவிட்டேன். அக்காவின் கல்யாண விருந்தில் இணையத்திலிருந்து எவ்வளவு பாட்டு ஓடும் என்ற முன்மதிப்பீட்டை அலுவலகத்தில் கொடுத்தேன். அதில் எட்டால் வகுக்க மறந்துவிட்டேன்.

கணக்கு இதுதான். பாட்டு நொடிக்கு நூற்றறுபது கிலோபிட் வேகத்தில் வருகிறது. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். எட்டால் வகுத்தால் நொடிக்கு இருபது கிலோபைட், மணிக்கு எழுபத்திரண்டு மெகாபைட். ஐந்து மணி நேர விருந்துக்கு முந்நூற்றறுபது போதும். நான் வகுக்காமலே பெருக்கி, இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது என்று எழுதி, கீழே அடிக்கோடும் போட்டேன். கோடு நேராகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து, விருந்துப் பலகாரமான போர்சோக்குக்கு மாவை எண்ணெயில் போடும்போதுதான் உறைத்தது. ஒரு சட்டி போர்சோக் கருகியது.

நான் போகும் மாலை வகுப்பின் விதிப்படி, நாட்குறிப்பில் பின்னணியையும் எழுத வேண்டும். எங்கள் பள்ளத்தாக்குக்கு ஒரே கைபேசிக் கோபுரம், சாரிபெல் கணவாயின் உச்சியில் இருக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் பாட்டுக் கேட்டால் அது திணறும். ஆகவே யார் எவ்வளவு கேட்பார்கள் என்று முன்கூட்டியே சொன்னால் நல்லது என்று மாவட்ட இசைத் தரவு முன்மதிப்பீட்டு அலுவலகத்தைத் திறந்தார்கள். யாரும் மறுக்கவில்லை. நியாயமாகத்தான் இருந்தது. பிறகு, சொன்ன அளவும் கேட்ட அளவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றார்கள். அங்கிருந்துதான் கொஞ்சம் சிரமம்.

சொன்னதைவிடக் குறைவாகக் கேட்டவர்கள் மாதக் கடைசியில் அலுவலகத்தின் பின்பக்கம் உள்ள மிச்சம் தீர்க்கும் முற்றத்தில் நின்று, பாக்கியைக் கேட்டு முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். மேய்ப்பர்கள் ஆடுகளோடு நிற்பார்கள். சொன்னதைவிட அதிகமாகக் கேட்டால், ஆய்வாளர் நாஸிர்பெக் வந்து இணையப் பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். சந்தையில் கறி வெட்டும் அண்ணன் கோடையிலிருந்து ஒரு பாட்டின் முன்பாதியை மட்டும் முணுமுணுக்கிறார். பின்பாதி வருவதற்குள் பெட்டி போய்விட்டது. பாட்டைப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால் அது பதுக்கல்.

நான் பகலில் ரொட்டிக் கடையில் தந்தூர் அடுப்புக்கு நிற்கிறேன். மாலையில் இதே அலுவலகம் நடத்தும் மதிப்பீட்டாளர் வகுப்புக்குப் போகிறேன். இந்த நாட்குறிப்பும் வகுப்பின் பகுதிதான். காதில் விழுந்த பாட்டை எல்லாம் எழுத வேண்டும். பக்கத்து வீட்டுப் பாட்டு காதில் விழுந்தால் பாதி என் கணக்கு. உவமை எழுதக் கூடாது, அதை அளக்க முடியாது என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். எழுதவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நாளை காலை பிழையைத் திருத்திவிட வேண்டும். சிறிய பிழைதானே.

அக்டோபர் 20, செவ்வாய்

இயக்குநர் கெரிம்ஷா ஐயாதான் எங்கள் வகுப்புக்கும் ஆசிரியர். அவருடைய மேசையில் முத்திரைகள் உயர வரிசையில் நிற்கும். நான் போனபோது அவர் அவற்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. எட்டால வகுக்க மறந்துட்டேன்."

"மறந்தது யாரு?"

"நான்தாங்க."

"முத்திரை வெச்சது யாரு?"

"நீங்க."

"அப்ப நான் தப்புக்கு முத்திரை வெச்சேங்கிறியா?"

"ஐயோ, இல்லைங்க. தப்பு என்னோடதுதான்."

"முத்திரை விழுற வரைக்கும்தாம்மா அது உன் தப்பு. விழுந்ததுக்கு அப்புறம் அது அலுவலகத்தோட மதிப்பீடு."

எனக்கு நாற்காலி காட்டினார். அவர் நாற்காலி காட்டினால் பேச்சு நீளும் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

"மேரிம், நீ நல்லாப் படிக்கிற பொண்ணு. ஒண்ணு புரிஞ்சுக்கோ. வானிலைக்காரன் மழைன்னு சொல்றான், வெயில் அடிக்குது. ஏன்? அவனுக்கு வானத்து மேல அதிகாரம் கிடையாது. எங்களுக்கு உங்க மேல இருக்கு. அதனாலதான் எங்க மதிப்பீடு இதுவரைக்கும் ஒரு மெகாபைட்கூடத் தப்பினதில்ல. தலைநகர்லேர்ந்து வந்து பாத்துட்டு, எப்படிய்யா இவ்வளவு துல்லியம்னு கேட்டாங்க. நான் சொன்னேன், நாங்க மதிப்பீட்டை மாத்துறதே இல்ல, நடப்பைத்தான் மாத்துறோம்னேன். எழுந்து நின்னு கை தட்டினாங்க."

"ஆனா ஐயா, எங்க விருந்து அஞ்சு மணி நேரந்தான். அதுல அவ்வளவு பாட்டு எப்படிங்க ஓடும்?"

"எட்டு மடங்கு நேரம் நடத்துங்க. கல்யாணந்தானே? சந்தோஷத்தை எதுக்குச் சுருக்கணும்?"

"சனிக்கிழமை விருந்து. அன்னிக்கு இருட்டினதும் பனிக்காகக் கணவாயை மூடுறாங்க. மாப்பிள்ளை வீடு அந்தப் பக்கம், அக்கா அதுக்குள்ள தாண்டியாகணும். விட்டா வசந்தத்துலதான்."

"அது சாலைத் துறை. நமக்கும் அவங்களுக்கும் ஒரே ஒரு ஒப்பந்தந்தான். விருந்து முடிவுச் சீட்டு இல்லாம கல்யாண வண்டி வந்தா, தடுப்புக் கட்டையைத் தூக்க மாட்டாங்க. மதிப்பீடு முழுசாத் தீர்ந்தாத்தான் சீட்டு. எவ்வளவு ஒத்துழைப்பு பாரு!"

பிறகு குரலைத் தாழ்த்தி, எங்கள் வீட்டு மதிப்பீட்டால் மாவட்டமே இந்தக் காலாண்டில் முதலிடத்துக்கு வந்திருக்கிறது, அறிக்கை தலைநகருக்குப் போய்விட்டது, விருந்துக்கு அவரே நேரில் வருவார் என்றார். நான் நன்றி சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று வழியெல்லாம் யோசித்தேன். தெரியவில்லை.

"ஐயா, அவ்வளவு பாட்டை யாருங்க உக்காந்து கேப்பாங்க?" என்று வாசலில் நின்று கடைசியாகக் கேட்டுப் பார்த்தேன்.

"கேக்குறது உங்க விருப்பம். கணக்குத்தான் எங்க கடமை," என்று முத்திரைத் துணியை மடித்தார்.

அக்டோபர் 22, வியாழன்

நாஸிர்பெக் வீட்டுக்கு வந்தார். முன்மதிப்பீட்டில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறதாம். பெண்ணை அனுப்பும்போது எங்கள் வழக்கப்படி தாய் பாடும் ஒப்பாரியின் நீளம். ஒப்பாரி நேரத்தில் இணையப் பாட்டை நிறுத்துவார்கள் அல்லவா? அந்த நேரத்தைக் கழிக்க வேண்டும். நான் அதையும் விட்டிருக்கிறேன். ஒரே தாளில் இரண்டு பிழை.

அம்மா சீர் மெத்தைகளுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள். அப்பா ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறார், வர முடியவில்லை. அதனால் அம்மாவுக்கு எல்லாக் கோபமும் ஊசியில்தான் இறங்குகிறது.

"அம்மா, அக்கா கிளம்புறப்ப நீ எவ்வளவு நேரம் அழுவே?"

"என்னது?"

"கழிக்கணும்மா."

"எதைடி கழிக்கணும்?"

"உன் அழுகையை. மொத்தத்துல இருந்து."

அம்மா ஊசியை மெத்தையில் குத்தி நிறுத்திவிட்டு நாஸிர்பெக்கைப் பார்த்தாள். "ஏன் தம்பி, உன் அக்காவைக் கட்டிக் கொடுத்தப்ப உங்கம்மா எவ்வளவு நேரம் அழுதா?"

"அப்ப இந்தக் கட்டம் கிடையாதுங்க."

"கட்டம் இல்லாமலே அழுதாளா? பரவாயில்லையே!"

"ஒரு எண் சொன்னாப் போதுங்க. நான் போயிடுவேன்."

"சம்பந்தி வீட்டுக்காரங்க மூஞ்சியைப் பாத்தாத்தான் சொல்ல முடியும். அவங்க நல்லவங்களாத் தெரிஞ்சா சீக்கிரம் முடிப்பேன். இல்லேன்னா அவளுக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கும்."

'சம்பந்தியின் முகத்தைப் பொறுத்தது' என்று நான் எழுதினேன். எண்தான் வேண்டும் என்று நாஸிர்பெக் அடித்துவிட்டார்.

"அரை மணின்னு போட்டுக்கோ. அதுக்கு மேல அழுதா கண்ணு வீங்கிப்போயி, வீடியோவுல நல்லா இருக்காது," என்றாள் அம்மா.

அவர் தேநீர் குடித்துவிட்டு, போர்சோக்கைப் பையில் அள்ளிக்கொண்டு, விருந்துக்கான இணையப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளங்கை அளவுதான் இருந்தது. பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு. மின்கலத்தில் ஓடுகிறது. கோபுரத்திலிருந்து பாட்டை இழுத்து எட்டுக் கைபேசிகளுக்குத் தரும். எங்கே கொண்டு போனாலும் ஓடும் என்று பெருமையாகச் சொன்னார்.

போனபின் அக்கா நூரிலா அடுப்பங்கரையிலிருந்து வந்து என் காதைத் திருகினாள். "எட்டால வகுக்கத் தெரியாதா உனக்கு? அந்த வகுப்புக்குப் போறதுக்குப் பதிலா தூங்கியிருக்கலாம். சனிக்கிழமை நான் போகலைன்னா என்ன ஆகும் தெரியுமா? பாதிக் கல்யாணத்தோட பனி உருகுற வரைக்கும் இங்க உக்காந்திருக்கணும். சந்தைக்குப் போனா ஒவ்வொருத்தியும் கேப்பா, என்ன நூரிலா, மாப்பிள்ளை வேண்டாம்னுட்டானான்னு."

"நான் ஏதாவது பண்றேன்க்கா."

"நீ எதுவும் பண்ணாம இருந்தாலே போதும்."

ஆனாலும் ராத்திரிச் சாப்பாட்டில் என் தட்டில் எலும்புக் கறியை அவள்தான் வைத்தாள். அவள் போனால் எனக்கு அதை யார் வைப்பார்கள் என்று நினைத்தேன். இது மதிப்பீட்டுக்குத் தொடர்பில்லாத செய்தி. அடிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

அக்டோபர் 24, சனி

விருந்து நடந்து முடிந்தது. முடிந்ததா என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது. வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்பது மணிக்கு என்று அழைத்திருந்தோம். வழக்கம்போல நண்பகலில் வந்தார்கள். கேட்க ஆள் இல்லாமல் பாட்டு போடக் கூடாது என்று விதி ஏதும் இல்லை. ஆனால் விருந்தை நடத்தும் தமாதாவான ஓமுர்பெக் மாமா ஒலிபெருக்கிக்கான கைபேசியைத் தன் வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். முற்பகல் முழுதும் பாட்டே இல்லை. நாஸிர்பெக் முற்றத்து யூர்த்தா கூடாரத்தின் ஓரத்தில் கணக்குத் திரையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் பூச்சியம் இருந்தது.

பிறகு பாட்டு வந்தது. முதலில் பெரியப்பா குடும்பம் எழுந்து வந்து வாழ்த்துச் சொல்லி, ஆடியது. மாமா ஒரு துள்ளல் பாட்டுப் போட்டார். பெரியம்மா இடுப்பில் கை வைத்துச் சுற்றினாள். எல்லோரும் விசிலடித்தார்கள். கணக்கும் ஓடியது. எனக்கு உயிர் வந்தது.

அடுத்து அத்தை குடும்பம் வந்தது. மாமா வேறொரு பாட்டுப் போட்டார். அத்தை வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றார்.

"ஏன் ஓமுர்பெக், அவங்களுக்கு அந்தப் பாட்டு, எங்களுக்கு இதுவா? நாங்க என்ன, எலும்பைக் கடிச்சுட்டுப் போக வந்தவங்களா?"

"இதுவும் நல்ல பாட்டுதான் மச்சான்."

"நல்ல பாட்டுன்னா அவங்களுக்குப் போட்டிருக்கலாமே?"

மாமா பெரியப்பாவுக்குப் போட்ட அதே பாட்டைப் போட்டார். பிறகு பக்கத்துத் தெருக்காரர்கள், ரொட்டிக் கடைக்காரர்கள், அம்மாவின் பிறந்தவீட்டார் எல்லோரும் வந்தார்கள். எல்லோருக்கும் அதே பாட்டு. ஒரு குடும்பத்துக்குப் பாட்டை மாற்றினால் அடுத்த மூன்று கல்யாணத்துக்கு அவர்கள் வர மாட்டார்கள். சம்பந்தி தோக்தோசுன் குடும்பத்துக்கு மரியாதையாக அதையே இரண்டு முறை போட்டார்கள்.

நாஸிர்பெக் திரையைத் தட்டினார், துடைத்தார், வெயிலில் காட்டினார். பிறகு என்னிடம் ஓடி வந்தார்.

"மேரிம், பாட்டு ஓடுது. கணக்கு ஓடலையே?"

"ஒருதரம் வந்த பாட்டு கைபேசி நினைவுல தங்கிடும்ணே. மறுதரம் போட்டா இணையத்துலேர்ந்து வராது."

"இது பாடத்துல இருக்கா?"

"இல்லண்ணே."

"பாடத்துல இல்லாதது எப்படி நடக்கும்?" முகம் வெளுத்துவிட்டது. "ஐயா வர்ற நேரம். முதலிடம்னு எழுதி அனுப்பியாச்சு."

அவரே ஆடுகிறவர்கள் நடுவே புகுந்து, "தயவுசெஞ்சு வேற பாட்டுக்கு ஆடுங்க" என்று கெஞ்சினார். ரொட்டிக் கடையில் என்னோடு அடுப்புக்கு நிற்கும் தோழி ஜிபார் அவர் கையைப் பிடித்துச் சுற்றி விட்டாள். மூன்று சுற்று அதே பாட்டுக்கு அவரும் ஆடினார். நன்றாகத்தான் ஆடினார்.

வேகத்தைக் கூட்டி வைத்தால் சீக்கிரம் தீருமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். தாளில் நூற்றறுபது என்று முத்திரை இருக்கிறது, மாற்ற முடியாது என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே.

இதற்குள் கணவாயின் மேல் மேகம் கட்டிவிட்டது. தோக்தோசுன் கல்பாக் தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

"சம்பந்தியம்மா, இப்பக் கிளம்பினாத்தான் வெளிச்சத்துல தாண்டலாம். அந்தச் சீட்டை வாங்கிக் குடுங்க."

நாஸிர்பெக் தலையை ஆட்டினார். "பத்துல ஒரு பங்குகூடத் தீரலைங்க. உக்காருங்க, கேளுங்க."

"நான் பொண்ணு கூட்டிட்டுப் போக வந்தேனா, உம் பாட்டைக் கேக்க வந்தேனா?"

அக்கா வெள்ளைத் துணி போர்த்தி உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று நினைத்துப் போனேன். திட்டவில்லை. "இல்யாஸ் மட்டும் தனியாப் போயிடுவானா மேரிம்?" என்று மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டாள், மிகச் சிறிய குரலில். அவள் என்னைத் திட்டாதது எனக்குப் பயமாக இருந்தது.

அப்போதுதான் கெரிம்ஷா ஐயா வாசலில் சொன்னது நினைவுக்கு வந்தது. கேட்பது நம் விருப்பம்.

எட்டு மாமன்மாரிடம் கைபேசியைக் கேட்டு வாங்கினேன். அக்காவுக்காக என்றதும் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொன்றிலும் எங்கள் ஊரில் யாரும் கேட்டிராத பாட்டுகளாக வரிசை வைத்தேன். தாளில் இருக்கும் நூற்றறுபது ஒலிபெருக்கிக் கைபேசிக்குத்தானே என்று தரத்தை உச்சத்துக்கு ஏற்றினேன். பாட்டின் ஒலியை மட்டும் பூச்சியமாக்கினேன். பெட்டி பக்கத்தில் இருந்தால் நன்றாக இழுக்கும் என்று, பெட்டியையும் எட்டுக் கைபேசிகளையும் சீர் மெத்தை அடுக்கின் நடுவில் செருகி, மேலே ஏறி உட்கார்ந்தேன். சீர் மெத்தை மேல் பெண்ணின் தங்கை உட்காருவதும், மாப்பிள்ளை வீட்டார் பரிசு கொடுத்தால்தான் எழுவதும் வழக்கம். ஆகவே யாரும் ஏன் என்று கேட்கவில்லை. யாரும் கேட்காத பாட்டுக்கு இவ்வளவு உயர்ந்த தரம் தேவையா என்று மட்டும் எனக்குள் ஒரு கேள்வி இருந்தது.

அம்மா பாட ஆரம்பித்தாள்.

"ஆட்டுக்கு வெச்ச உப்பை நக்கி வளந்தவளே, அடுத்த வீட்டு உப்பு கரிக்குமடி. கணவாயில கல்லு விழுந்தா ஊருக்கே சத்தம் கேக்கும், மாமியா வைதா எனக்குக் கேக்குமா? வைய மாட்டாங்க, வைய மாட்டாங்க, தொப்பியைக் கழட்டிக் கழட்டிப் போடுறவரு நல்லவராத்தான் தெரியுறாரு…"

தோக்தோசுன் தொப்பியைச் சட்டென்று மடியில் வைத்துக்கொண்டார். பெண்கள் எல்லோரும் அழுதார்கள். என் கீழே எட்டுப் பாட்டு சத்தமில்லாமல் ஓடியது. மெத்தை இளஞ்சூடாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து கெரிம்ஷா ஐயா நுழைந்தார். நாஸிர்பெக் திரையைக் காட்டினார். எண்கள் பறந்துகொண்டிருந்தன.

"எங்கேய்யா பாட்டு?"

"தெரியலைங்க ஐயா. தீருது, ஆனா கேக்கல."

நான் பொய் சொல்லத் தெரியாமல் மெத்தையைக் காட்டினேன். இருவரும் குனிந்து காதை வைத்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. ஐயா வெகுநேரம் அப்படியே இருந்தார். நிமிர்ந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"இதைத்தான் நாஸிர்பெக், இத்தனை வருஷமா நான் தேடினேன். பாட்டுன்னா எப்பவும் ஒரு தொந்தரவு இருக்கும். எவனாவது ஒருத்தன் அதைக் கேட்டுத் தொலைப்பான். கேட்டா ரசிப்பான். ரசிச்சா இன்னொண்ணு கேப்பான். கணக்குக் கெட்டுடும். இங்க பாரு, சத்தம் இல்ல, சண்டை இல்ல, ரசிக்கிறவன் இல்ல. சுத்தமா கணக்கு மட்டும் ஓடுது!" பிறகு அம்மா பக்கம் கையைக் காட்டினார். "அது என்ன?"

"ஒப்பாரிங்க. கழிவுல வருது."

"கழிவுதானே, தாராளமா அழட்டும்."

அவரை முதன்மை விருந்தினராக உட்கார வைத்து, ஆட்டுத் தலையைத் தட்டோடு அவர் முன்னால் வைத்தார்கள்.

அம்மாவின் குரல் கம்மி நின்றபோது, திரையில் இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது வந்தது. நாஸிர்பெக் "நூறு விழுக்காடு!" என்று கத்தினார். ஐயா கறிப் பிசுக்கோடு முத்திரை குத்தினார். தோக்தோசுன் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினார். நான் மெத்தைக்குள் கையை விட்டுக் கைபேசிகளைத் தேடத் தொடங்கினேன்.

"மேரிம்!"

அக்கா வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வந்து என்னைப் பாக்க மாட்டியாடி?"

நான் எழுந்து ஓடினேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு, "எட்டால வகுக்க மறந்துடாதே," என்று காதில் சொன்னாள். இருவரும் சிரித்தோம், அழுதோம். எது எவ்வளவு என்று தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தபோது மாப்பிள்ளையின் தம்பிமார் சீர் மெத்தைகளை ஒரே தூக்காகத் தூக்கி லாரியில் எறிந்துகொண்டிருந்தார்கள். "பரிசு கெடையாது, மேரிம்! யாரு எழுந்திரிக்கச் சொன்னது?" என்று கத்தினார்கள். நானும் சிரித்துக்கொண்டே கையாட்டினேன். வண்டிகள் புழுதியில் மறையும்வரை ஆட்டினேன்.

முற்றத்தில் ஆட்கள் குறைந்ததும் நாஸிர்பெக் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மேரிம், கணக்கு நிக்கலையே."

மெத்தை இருந்த இடத்தில் கம்பளம் மட்டும் இருந்தது. அதில் ஒரு போர்சோக் கிடந்தது.

"நிறுத்துய்யா!" என்றார் ஐயா, ஆட்டுக் காதை வாயில் வைத்தபடி.

"நிறுத்தணும்னா பெட்டியைப் பிடுங்கணுங்க. பெட்டி மெத்தைக்குள்ள போய்க்கிட்டிருக்கு."

இருவரும் அலுவலகக் காரில் விரட்டிப் போனார்கள். நான் பாத்திரம் கழுவினேன். எட்டு மாமன்மாரும் ஒவ்வொருவராக வந்து, கைபேசியைக் கேட்காமல், மணி என்ன என்று கேட்டார்கள்.

அக்டோபர் 25, ஞாயிறு

அக்கா மாமியாரின் கைபேசியிலிருந்து பேசினாள். வெளிச்சம் இருக்கும்போதே கணவாயைத் தாண்டிவிட்டார்களாம். காலையில் சீர் மெத்தைகளுக்குள்ளிருந்து எட்டு மாமன்மாரின் அலாரமும் ஒன்றன்பின் ஒன்றாக அடித்திருக்கிறது. தோக்தோசுன் வீட்டில் எல்லோரும் தொழுகைக்கு எழுந்து, மறுபடி எழுந்து, பிறகு மாடு கறக்க எழுந்து, கடைசியில் தேநீர் போட்டுவிட்டார்களாம். "மாமியாருக்கு ரொம்பச் சந்தோஷம். சீரோட இவ்வளவு கைபேசி எந்த மருமக கொண்டு வந்தான்னு தெருவெல்லாம் சொல்றாங்க," என்றாள். கைபேசிகள் பனி உருகினால்தான் திரும்பும். அக்கா அங்கே இருக்கிறாள். அது போதும்.

ஞாயிறாக இருந்தும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

நேற்று தடுப்புக் கட்டையில் என்ன நடந்தது என்று நாஸிர்பெக் தாழ்வாரத்தில் சொன்னார். காவலாளி கட்டையைத் தூக்க மறுத்துவிட்டானாம். "முடிவுச் சீட்டு எங்கேன்னு கேட்டான். அது முன்னாடி போன கல்யாண வண்டியில இருக்குன்னேன். அது பின்னாடி வர்ற நீங்களும் கல்யாண வண்டிதான்னான். சீட்டு இல்லாம யாரையும் விடக் கூடாதுன்னு நீங்கதானேய்யா எழுதிக் குடுத்தீங்கன்னு, ஐயா கையெழுத்தையே எடுத்துக் காட்டுறான்." அதற்குள் இருட்டிவிட்டது. கணவாயை மூடிவிட்டார்கள். பெட்டியின் மின்கலம் தீரும்வரை பாட்டு ஓடியிருக்கிறது. எங்கள் மதிப்பீட்டைப்போல் பல மடங்கு.

கெரிம்ஷா ஐயா முத்திரைகளைத் துடைக்கவில்லை. வெறுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மேசை முன்னால் நின்று, "தப்பு என்னோடதுதாங்க. மெத்தையை விட்டு எழுந்திருச்சுட்டேன்," என்றேன்.

"தப்புன்னு எதுவும் இல்லம்மா. மதிப்பீடு நூறு விழுக்காடு. சீட்டு கொடுத்தாச்சு. அந்தக் கல்யாணம் முத்திரையோட முடிஞ்சுபோச்சு. அதைத் தொட முடியாது."

"அப்ப அதுக்கு மேல ஓடினதுங்க?"

"அது அந்தக் கல்யாணத்தோடது இல்ல. ஆனா உங்க வீட்டுப் பேர்ல ஓடியிருக்கு. ராத்திரி பூரா உக்காந்து யோசிச்சேன். உங்க வீட்டுப் பேர்ல அவ்வளவு பாட்டு ஓடுதுன்னா என்ன அர்த்தம்?" என் முகத்தைப் பார்த்து, முதல்முறையாகச் சிரித்தார். "இன்னொரு கல்யாணம் நடக்குதுன்னு அர்த்தம். உங்க வீட்டுல இன்னொரு பொண்ணு இருக்கில்ல?"

"இருக்கேங்க ஐயா."

"வாழ்த்துகள். நேத்து சாயங்காலம் உன் கல்யாண விருந்து ஆரம்பிச்சிருக்கு. முன்மதிப்பீடு மட்டும் இன்னும் வரல."

"எனக்கு மாப்பிள்ளையே பாக்கலைங்களே!"

அவர் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். மாப்பிள்ளை பெயர் என்ற கட்டத்தில் நட்சத்திரக் குறி இல்லை. நட்சத்திரம் இல்லாத கட்டத்தைக் காலியாக விடலாம். ஒப்பாரி நீளத்துக்கு நட்சத்திரம் இருந்தது.

வாசலில் நாஸிர்பெக், நான் நேற்றுச் செய்தது வகுப்பில் புதுப் பாடமாக வரப்போகிறது, தலைப்பு 'கேட்பாரற்ற இசை' என்றார். பிறகு, ஜிபாருக்கு யாராவது பேசி வைத்திருக்கிறார்களா என்று கேட்டார். தெரியாது என்றேன். உண்மையில் தெரியும், யாரும் பேசி வைக்கவில்லை. ஆனால் இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

நாளை செய்ய வேண்டியது: கடை முடிந்ததும் என் கல்யாணத்துக்கான முன்மதிப்பீட்டை நிரப்பிக் கொடுக்க வேண்டும். எவ்வளவு நேரம் அழுவாள் என்று அம்மாவிடம் கேட்க வேண்டும். எட்டால் வகுக்க வேண்டும்.